பாத்து ஓட்டு மாப்ள

போன நவம்பர் 13-ஆம் தேதி, ஐப்பசி கடைசி வாரம். டீக்கடையில உட்கார்ந்திருந்தப்ப ஒருத்தர் சொன்னார், "கீரனூர்ப் பக்கம் திருச்சி ரோட்டுல பிளேன் எறங்கிருச்சாம்." யாரும் நம்பலை. அஞ்சு நிமிசத்துல எல்லார் போன்லயும் வீடியோ வந்துருச்சு. நார்த்தாமலைக்குப் பக்கத்துல அம்மாசத்திரம், தேசிய நெடுஞ்சாலை, நடுரோட்டுல குட்டி விமானம். சேலத்துல இருந்து வந்த பயிற்சி விமானமாம். உள்ளே இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. சுத்தி நின்னு நம்ம சனம் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தது.

அன்னைக்கு எங்க அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் சூலூருக்குக் கிட்ட ஒரு மில்லுல வேலை. வீடியோவைப் பார்த்துட்டு, "அவங்களுக்கு ரோடு கெடச்சுது மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மறுநாளே திருப்போரூர்ப் பக்கம் விமானப்படையோட பயிற்சி விமானம் ஒண்ணு விழுந்தது. பைலட் பாராசூட்டுல குதிச்சுத் தப்பிச்சார். அதுக்கு அடுத்த வாரம், 21-ஆம் தேதி, துபாய் விமானக் கண்காட்சியில நம்ம தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்துபோனார். இமாசலப் பிரதேசத்துக்காரர், ஆனா வேலை சூலூர்ல. அவர் உடம்பை மொதல்ல சூலூருக்குத்தான் கொண்டு வந்தாங்க. மருமகன் போன் பண்ணி, "நாங்க தெனமும் தலைக்கு மேல பார்க்கிற பிளேன் மாமா" என்றான்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம், எங்களுக்கும் போர் விமானம் தினப்படி சமாச்சாரம். நான் இருக்கிறது கந்தர்வக்கோட்டைப் பக்கம். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இங்கேருந்து ரொம்பத் தூரம் இல்லை. 2020 ஜனவரியில சுகோய்-30 படைப்பிரிவு அங்கே வந்ததுல இருந்து, கடலைக்குக் களை வெட்டிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு வானம் கிழியற மாதிரி சத்தம் வரும். மாடு மெரளும், முந்திரித் தோப்புல மயில் எல்லாம் ஒரே நேரத்துல அகவும். நிமிர்ந்து பார்த்தா சத்தம் ஒரு பக்கம், விமானம் வேற பக்கம். உள்ளே ஒக்காந்திருக்கிறது யாரு வீட்டுப் புள்ளையோன்னு நெனைச்சுக்குவேன்.

அப்படிப் படிக்க ஆரம்பிச்சதுதான் மிக்-21 கதை. 1950-கள்ல சோவியத் ரஷ்யாக்காரன் வடிவமைச்ச விமானம். நம்ம படைக்கு 1963-ல வந்தது. 1965, 1971, கார்கில் எல்லாத்துலயும் இருந்தது. 1985-லேயே ரஷ்யாவுல செய்யறதை நிறுத்தியாச்சு. நாம 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகர்ல விழா வச்சு வழியனுப்பினோம். 62 வருசம். தாத்தா ஓட்டின ரக விமானத்தைப் பேரன் ஓட்டியிருக்கலாம்.

அதை ஒரேயடியாத் திட்டவும் முடியாது. அந்தக் காலத்துல அது ராசா. ஆனா ஒத்தை எஞ்சின். அது நின்னா வேற வழி இல்லை. எறங்கும்போதும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகம் வேணும், மூக்கைத் தூக்கிக்கிட்டு எறங்கறதால பைலட்டுக்கு முன்னாடி ரோடு சரியாத் தெரியாது. அனுபவக்காரன் சமாளிப்பான். நம்ம ஊர்ல மெதுவா ஓடுற பயிற்சி விமானத்துல பழகின புதுப் பையன்களை நேரா இதுல ஏத்தி உட்கார வச்சாங்க. நடுவுல ஒரு பயிற்சி ஜெட் வேணும்னு லா ஃபோன்டைன் கமிட்டி 1982-லேயே சொல்லிருச்சு. அந்த ஹாக் விமானம் படையில சேர்ந்தது 2008-ல. 26 வருசம்! ஒரு புள்ளை பொறந்து படிச்சு பைலட்டாகி மிக்-ல ஏறுற காலம்.

2012-ல பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி பாராளுமன்றத்துல ஒரு கணக்குச் சொன்னார். வாங்கின மிக் ரக விமானங்கள் 872. அதுல விபத்துல போனது 482. செத்த பைலட்டுங்க 171 பேர், பொதுசனம் 39 பேர், மத்த படைக்காரங்க 8 பேர். காரணம் மனிதத் தவறும் எந்திரக் கோளாறும்னு சொன்னார்.

இந்த "மனிதத் தவறு"ங்கிற வார்த்தைதான் என்னைத் தூங்க விடலை.

எங்கிட்ட ஒரு டிராக்டர் இருக்கு. 1994 மாடல். நான் வாங்கும்போதே அது ரெண்டு கை மாறியிருந்தது. பின்சக்கரத்துப் பக்கம் ஆயில் சீல் தேஞ்சு, ஆயில் கசிஞ்சு பிரேக் லைனிங்ல எறங்கிடும். சீலை மாத்துவோம், ஆறு மாசம் ஓடும், மறுபடி கசியும். உள்ளே சாஃப்ட்டே தேஞ்சுபோச்சு, மொத்தமாப் பிரிக்கணும்னு மெக்கானிக் சொன்னார். கடலை போட்டுட்டுப் பிரிச்சுக்கலாம்னு நெனைச்சேன். அந்த வருசம் மழை இல்லை. அடுத்த வருசம்னேன்.

எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் எரு ஏத்திக்கிட்டுப் போக ஆள் இல்லை. மருமகனுக்கு அப்ப 19 வயசு. அவனை அனுப்பினேன். சாவியைக் கொடுத்துட்டு, "பிரேக்கு லேட்டாத்தான் புடிக்கும், பாத்து ஓட்டு மாப்ள"ன்னு சொன்னேன். கம்மாய்க் கரையில எறங்கற எடத்துல பின்னாடி டிரெய்லர் பாரம் தள்ளிச்சு. பிரேக் புடிக்கவே இல்லை. வண்டி பள்ளத்துல சாஞ்சது. தொடை எலும்பு ரெண்டா ஒடஞ்சு, பிளேட் வச்சாங்க. இன்னைக்கும் லேசா விந்தி நடப்பான். போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிக்கிட்டு இருந்த பய. அது போச்சு.

ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எல்லாம், "எளந்தாரிப் பய, வேகமாப் போயிருப்பான்"னாங்க. நான் அங்கேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். "பிரேக் இல்லாத வண்டியை நான்தான் கொடுத்தேன்"னு சொல்லலை. எங்க அக்கா என்னைப் பார்த்துச்சு, ஒண்ணும் கேக்கலை. அந்தப் பயலும் வாயைத் திறக்கலை.

2001-ல அபிஜித் காட்கில்னு ஒரு இளம் பைலட் மிக்-21 விழுந்து ராஜஸ்தான்ல இறந்தார். பைலட் தடுமாறிட்டார்னு விமானப்படை சொன்னப்ப அவங்க அம்மா கவிதா காட்கில் ஒத்துக்கலை. விமானத்தைப் பத்திப் பேசுங்கன்னு வருசக்கணக்கா எழுதி, பேட்டி கொடுத்து, போராடினாங்க. அந்த அம்மாவைப் பத்திப் படிச்சப்ப எனக்கு எங்க அக்கா மொகம்தான் வந்துச்சு.

கீழே இருக்கிறவங்க கதை இன்னும் கொடுமை. 2023 மே 8-ஆம் தேதி ராஜஸ்தான் அனுமன்கர் மாவட்டத்துல ஒரு கிராமத்து வீட்டு மேல மிக்-21 விழுந்து மூணு பொம்பளைங்க இறந்துபோனாங்க. பைலட் குதிச்சுத் தப்பிச்சுட்டார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. மிக் எந்த வருசத்து விமானம்னு அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?

ஏன் இவ்வளவு நாள் ஓட்டினாங்கன்னு கேட்டா, பதிலுக்குப் புதுசு வரலை. அதுக்குன்னு தொடங்கின தேஜஸ் திட்டம் 1983-ல ஆரம்பிச்சது. மொதல் படைப்பிரிவு உருவானது 2016. மேம்படுத்தின தேஜஸ் 83 வேணும்னு 2021-ல ஒப்பந்தம் போட்டாங்க. அமெரிக்காவுல இருந்து எஞ்சின் வரத் தாமதம், அதுவும் தள்ளிப்போச்சு. 42 படைப்பிரிவு இருக்க வேண்டிய எடத்துல மிக் போனதும் 29-ன்னு ஆச்சு. கடலை வெல ஏறட்டும்னு நான் சொன்ன மாதிரி டில்லியிலயும் யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. புது விமானமும் விழும்னு துபாய்ல பார்த்துட்டோம், அது தனிக் கதை. கசியுதுன்னு தெரிஞ்சே ஒருத்தனை ஏத்தி உட்கார வைக்கிறதைத்தான் நான் சொல்றேன்.

அந்த வீடியோ பார்த்த அன்னைக்கு ராத்திரி, சாப்பிட்டு முடிச்சப்புறம் மருமகன்கிட்ட, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசியிருக்கணும் மாப்ள"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "வண்டியை என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டான்.

விபத்துக்கு அப்புறம் மொத்தமாப் பிரிச்சு வேலை பார்த்து, நான் மட்டும்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியலை. சீல் மறுபடியும் கசிய ஆரம்பிச்சிருக்கு. பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு வெல சொல்லியிருக்கார். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் அதைவிட 60,000 ரூபா கூடத் தரேங்கிறார். "ஓடுதுல்ல, போதும்"ங்கிறார். அவருக்கு ஒரு பையன், பன்னெண்டாவது படிக்கிறான். வண்டி பார்க்க வந்தப்ப ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்த்தான்.

ரெண்டு பேருக்கும் இன்னும் நான் பதில் சொல்லலை.