குழந்தைக்கு ஸ்கேன் எடுக்க என்ன படிக்கணும்?

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெல்டிங் செய்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. "சின்னக் குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கிற வேலைக்குப் போகணும் தாத்தா, என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். ஒரு வருட டிப்ளமோ போதும் என்று யாரோ சொல்லி, அப்பா பணம் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கருவியும் ஆஸ்பத்திரிக் கருவியும் ஒரே வம்சம்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, கியூரி என்றால் ரேடியம் கண்ட அம்மையார்தான் நினைவுக்கு வருவார். அவருடைய கணவர் பியேர், தம் அண்ணன் ழாக்குடன் சேர்ந்து, சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கண்டார். அதுதான் இதற்கு மூலம். 1955-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், பாய்லர் தொழிற்சாலையில் உலோக விரிசல் பார்க்கும் கருவியில் மனித உடலிலிருந்து எடுத்த கட்டிகளை வைத்துச் சோதித்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்கேன்.

குழந்தைகளுக்கு இது பெரிய வரம். கதிர்வீச்சு கிடையாது. உச்சிக்குழி மூடுவதற்குள் அதன் வழியாக மூளையையே பார்த்துவிடலாம். ஆனால் அழுது புரளும் பிள்ளையைச் சமாதானம் செய்துகொண்டே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று படித்த டெக்னீஷியன் எடுப்பார். டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். நம் நாட்டில் டாக்டரே எடுக்கிறார். பெண் சிசு என்று கண்டறிந்து கருவிலேயே அழித்த கொடுமையால் 1994-இல் சட்டம் வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கத் தகுதி பெற்ற டாக்டருக்கு மட்டுமே அனுமதி; மிஷின் இருக்கும் இடமும் பதிவு பெற வேண்டும். டிப்ளமோ சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கருவியைத் தொட முடியாது.

பழைய குமாஸ்தா புத்தி, இரண்டு வழிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: நீட், எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பிறகு எம்.டி. ரேடியாலஜி மூன்று வருடம், அதன்பின் குழந்தைகள் பிரிவில் தனிப் பயிற்சி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், மருத்துவ இடங்களில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. இரண்டு: ரேடியாலஜி பி.எஸ்சி. நீட் வேண்டாம், எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், சீக்கிரம் சம்பளம்.

தாளைப் படித்த அப்பா, டிப்ளமோவுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். மகள் முதல் வழியின் வருடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டால், பணம் கட்டுமுன் இதைச் சொல்லுங்கள்.