மடத்துவெளியில் அன்னையர் ஓடிய மாலை

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பகுதிக்குச் செல்லும் பயணம் பண்ணையில் தொடங்குகிறது. கோட்டை மதிலைப் பின்னே விட்டுப் பஸ் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் நகரத்தின் இரைச்சல் அடங்கி, இருமருங்கும் ஆழமற்ற கடல் விரிகின்றது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிகின்றன. வேலணையைக் கடந்தால் மறுபடியும் கடல். அதன் நடுவே கோடு இழுத்தாற்போற் கிடக்கிறது வாணர் தாம்போதி. நீரில் நட்ட கம்புகளிற் கட்டிய வலைகளையும், அவற்றின் மேல் அசையாமல் அமர்ந்திருக்கும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே போனால் புங்குடுதீவு வந்துவிடும்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லும் அந்தப் பஸ்ஸில் என்னுடன் வந்தவர்களுட் பலர் நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்பவர்கள். அவர்களுக்குப் புங்குடுதீவு வழியிற் கடந்துபோகும் ஓர் ஊர். நானோ தீவினுட் புகுந்து சிறிது தூரத்தில் மடத்துவெளியில் இறங்கிக்கொண்டேன். என்னிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது அப்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கிறார். தம் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு வரும்படி அவர் அன்புடன் அழைத்திருந்தார்.

மடமும் வெளியும் சேர்ந்து பிறந்த அழகிய பெயர் மடத்துவெளி. வழிப்போக்கர் தங்கிய மடத்தைப் பற்றிய நினைவு பெயரளவில் நின்றுவிட்டாலும், வெளி என்ற பாதி இன்றும் பொருந்துகிறது. பனைகள், அவற்றின் ஊடே வெட்டவெளி, அப்பாற் கடல், காற்றில் மிதந்து வரும் முருகன் கோவில் மணியோசை. ஆனால் வீதியோரத்து வளவுகள் பலவற்றின் படலை பூட்டிக் கிடக்கிறது. 1991ஆம் ஆண்டின் இடப்பெயர்வு இத்தீவை ஏறக்குறைய வெறுமையாக்கியது. திரும்பி வந்தவர்கள் சிலர். கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, கொழும்பு என்று வேறிடங்களில் வேரூன்றியவர் பலர். இதனாற் பாடசாலைகளிலும் பிள்ளைகள் குறைவு.

பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் விளையாட்டுப் போட்டி எப்படிச் சிறக்கும் என்ற ஐயத்துடனேயே நான் மைதானத்தினுள் நுழைந்தேன்.

தாய்மாருக்கான ஓட்டம்

முதலாந் தவணையில் நம் நாட்டுப் பாடசாலைகளில் நடைபெறும் இவ்விழாவைப் பற்றி வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நிறத்துக்கொன்றாகச் சோடிக்கப்பட்ட இல்லங்கள், கொடியேற்றம், அணிநடை, ஒலிபெருக்கி, சுண்ணாம்புக் கோடு எல்லாம் அங்கும் இருந்தன. ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தார்கள். நூறு மீற்றர் ஓடிய சிறுவனே நீளம் பாய்ந்தான். அவனே அஞ்சலோட்டத்திலும் தடியை வாங்கி ஓடினான்.

நிகழ்ச்சி நிரலின் பிற்பகுதியில், "அடுத்ததாகத் தாய்மாருக்கான ஓட்டம்" என்று அறிவித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொட்டகையின் கீழிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி முழங்கால் நோவென்றாள். ஒருத்தி சேலையைக் காட்டினாள். இரண்டாம் முறையும் அறிவித்தார்கள். அப்பொழுது ஏழு, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து, தாயின் கையைப் பற்றி இழுக்கத் தொடங்கினாள். தாய் மறுத்தாள்; சிறுமி விடவில்லை. இறுதியில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தாள். அவளைக் கண்டு இன்னொருத்தி எழுந்தாள். பார்த்திருக்கையில் ஒன்பது பேர் கோட்டில் வந்து நின்றார்கள். அவர்களுள் ஒருவர் பேரப்பிள்ளையைக் கூட்டிவந்த அம்மம்மா.

விசில் ஒலித்தது. ஐம்பது மீற்றர் ஓட்டந்தான். ஆனால் அன்று காலை தொடக்கம் எந்தப் போட்டிக்கும் எழாத ஆரவாரம் அதற்கு எழுந்தது. "அம்மா ஓடுங்கோ! ஓடுங்கோ!" என்று இல்ல வேறுபாடின்றிப் பிள்ளைகள் அனைவரும் கோட்டோரம் ஓடினார்கள். அம்மம்மா பாதி வழியில் நின்று, இடுப்பிற் கைவைத்துச் சிரித்துவிட்டு, நடந்தே கோட்டைக் கடந்தார். அவருக்குக் கிடைத்த கைதட்டல் முதலாவதாக வந்தவருக்குக் கூடக் கிடைக்கவில்லை.

மூச்சு வாங்க வந்தமர்ந்த அந்தத் தாயிடம், முன்பும் ஓடியதுண்டோ என்று கேட்டேன். "படிக்கிற காலத்தில ஓடினது சேர். கலியாணம் முடிச்சபிறகு இண்டைக்குத்தான் ஓடினனான்" என்றாள். அருகில் நின்ற மகள் தாயின் முகத்தை வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு ஓடத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது" என்றாள் அவள்.

அதன்பின் ஆண்களின் கயிறிழுத்தல். மதிலுக்கு வெளியே மோட்டார்ச் சைக்கிளில் இருந்தபடியே வேடிக்கை பார்த்த தந்தையர் பலரை உள்ளே இழுத்து வந்தது அந்தக் கயிறு. ஓர் அணியில் ஆள் குறைகிறதென்று என்னையும் பிடித்து நிறுத்தினார்கள். நாங்கள் தோற்றோம். நாற்பதைக் கடந்த என் தோள்கள் இரண்டு நாட்களுக்கு அந்தத் தோல்வியை மறக்கவில்லை. வகுப்பறையில் மணிக்கணக்காக நின்று பேசுவதை உழைப்பென்று எண்ணியிருந்த எனக்கு, என் உடல் எவ்வளவு சோம்பிவிட்டதென்பது விளங்கிற்று.

பெயரளவில் இல்லம்

பாடசாலைப் பிள்ளைகளைப் பிரித்து அமைக்கும் அணிகளுக்கு இல்லம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த அணிகளில் உண்மையான இல்லத்தார் எவரும் இல்லை. வருடம் முழுவதும் பிள்ளை வேறாகவும் பெற்றோர் வேறாகவும் இருந்து, ஒரு நாளில் ஐம்பது மீற்றர் மட்டும் ஒன்றுசேர்கிறார்கள். அந்த ஒரு நாள் இத்தனை மகிழ்ச்சி தருமாயின், அதை ஏன் ஒரு நாளுடன் நிறுத்துகிறோம்?

முற்காலத்தில் உடற்பயிற்சிக்கென்று தனியே ஒரு வேளை ஒதுக்க வேண்டியிருக்கவில்லை என்பது உண்மையே. துலாவிலும் கப்பியிலும் நீரள்ளிய கை இன்று மின்மோட்டாரின் ஆளியை அழுத்துகிறது. கோவிலுக்கும் சந்தைக்கும் நடந்தவர்கள் முச்சக்கரவண்டியை அழைக்கிறார்கள். பழைய பாடுகளை மீண்டும் கொண்டுவர எவரும் விரும்பார், விரும்பவும் வேண்டியதில்லை. ஆயினும் பாடு நீங்கியபோது அதனுடன் சேர்ந்து நீங்கிய அசைவுக்கு நாம் ஈடு தேடவில்லை. தென்னாசிய மக்களை நீரிழிவு மற்றையோரினும் இளவயதிலேயே, அவ்வளவு பருமனில்லாத உடலையும் பற்றுகிறதென்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நம் உறவினருள் எத்தனை வீடுகளில் உணவு மேசையில் உப்புச் சாடிக்கு அருகே மாத்திரைப் பெட்டியும் இருக்கிறதென்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைக்க விளையாட வேண்டும் என்கிறது. வளர்ந்தோருக்கு அது கூறும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். விரைவாக நடந்தாலே போதும். நம் பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடம் எங்கே கிடைக்கிறது? சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் பரீட்சை நெருங்கினால், முதலிற் பறிபோவது அந்தப் பாடவேளைதான். மாலையிலோ தனியார் வகுப்பு, அதன்பின் கைத்தொலைபேசி. "வெளியே போய் விளையாடு" என்று சொல்லும் தந்தை தாமும் ஒரு கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே அதைச் சொல்கிறார். பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதிலும் நம் செயலைப் பார்ப்பதே அதிகம்.

பிற நாட்டார் கண்ட வழி

ஜப்பானில் 'உண்டோகாய்' எனப்படும் பாடசாலை விளையாட்டு விழா 1874ஆம் ஆண்டில் ஒரு கடற்படைக் கல்லூரியில் தொடங்கி, நாளடைவில் ஊர்தோறும் பரவியது. பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் உணவு கட்டிக்கொண்டு வந்து, நாள் முழுவதும் இருந்து, தாமும் சில போட்டிகளிற் கலந்துகொள்ளும் வழக்கம் அதில் வளர்ந்தது. அந்நாட்டில் 1928ஆம் ஆண்டு தொடக்கம் வானொலியில் உடற்பயிற்சி இசை ஒலிபரப்பாகி வருகிறது. கோடை விடுமுறைக் காலையில் சிறுவரும் முதியவரும் அயலிலுள்ள பூங்காவிலோ பாடசாலை முற்றத்திலோ கூடி அதற்கேற்பக் கைகால் அசைப்பார்கள். வந்த பிள்ளைகளின் அட்டையில் நாள்தோறும் ஒரு முத்திரை குத்தப்படும். சிறு முத்திரைக்காக விடியலில் எழுந்தோடும் பிள்ளை வீட்டிலுள்ள பெரியவரையும் எழுப்பிவிடுகிறது.

ஸ்கொட்லாந்தில் ஸ்ரேர்லிங் நகரத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்த எலைன் வைலி, 2012ஆம் ஆண்டில் தம் மாணவர்களை நாள்தோறும் 15 நிமிடம் ஓடவோ நடக்கவோ செய்தார். உடை மாற்ற வேண்டியதில்லை; கருவி வேண்டியதில்லை; வெற்றி தோல்வியும் இல்லை. அந்த எளிய முயற்சி இன்று பல நாடுகளின் பாடசாலைகளுக்குப் பரவியிருக்கிறது.

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோருக்கு நம் வடமாகாணத்திலேயே விடை உண்டு. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் தமது 72ஆம் வயதில், 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிற் கலந்துகொண்டு தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார். எல்லோரும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. ஐம்பது மீற்றரை நடந்தே கடந்த மடத்துவெளி அம்மம்மாவும் அந்த வழியில் நிற்பவரே.

வாரத்தில் ஒரு மாலை

என் எண்ணம் இதுதான். ஒவ்வொரு பாடசாலையும் வாரத்தில் ஒரு மாலை, ஐந்து மணி தொடக்கம் ஆறரை மணி வரை, தன் மைதானத்தைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட வேண்டும். பிள்ளை தனியே வரலாகாது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஜப்பானிய வழக்கம்போல அதற்கும் ஓர் அட்டையும் முத்திரையும் இருக்கட்டும்.

என்ன விளையாடுவது? கிளித்தட்டு இருக்கிறதே! தரையிற் கோடு கீறினாற் போதும். ஒரு சதமும் செலவில்லை. மறிப்பவருக்குக் கண்ணும் கையும், புகுந்து கடப்பவருக்குக் காலும் கருத்தும் வேண்டும். ஓட முடியாத பெரியவர் கோட்டிலே நின்று மறிக்கலாம். சிறுவர் அவரை ஏமாற்றிப் பாயலாம். தந்தையை ஏய்த்துக் கடந்த பிள்ளைக்கு உண்டாகும் பெருமையைப் பரிசுக் கிண்ணம் தந்துவிடுமா? கரப்பந்து, கயிறடித்தல், தேசிக்காய் கரண்டி ஓட்டம், மைதானத்தைச் சுற்றி நடத்தல் என்று அவரவர்க்கு ஏற்றது உண்டு.

இதை என் மாணவரிடம் சொன்னபோது அவர் புன்னகை செய்தார். "பாடசாலை முடிஞ்சதும் நாங்கள் பஸ் பிடிக்க வேணும் சேர். இஞ்சை படிப்பிக்கிற கனபேர் யாழ்ப்பாணத்தில இருந்து வாறவை" என்றார். உண்மைதான். நாள்தோறும் இரண்டு தாம்போதிகளைக் கடந்து வந்து போகும் ஆசிரியர் மேல் இன்னொரு சுமையை ஏற்றுதல் நீதியாகாது. இந்தப் பணி பழைய மாணவர் சங்கத்துக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும், ஊரின் சனசமூக நிலையத்துக்கும் உரியது. திறப்பை வாங்கித் திறக்கவும், கோடு கீறவும், இருட்டுமுன் பூட்டித் திறப்பை ஒப்படைக்கவும் பொறுப்பான நால்வர் முறைவைத்துக்கொண்டாற் போதும். அவருள் இருவர் பெண்களாயிருந்தால், தாய்மாரின் கூச்சம் பாதி நீங்கும்.

கடல் கடந்து வாழும் ஊரவர் தம் பாடசாலைகளுக்குக் கட்டிடமும் மதிலும் கட்டித் தருகிறார்கள்; அவர்களின் பற்று போற்றத்தக்கது. அடுத்த முறை அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் சில பந்துகளுக்கும், ஒரு வலைக்கும், குடிநீர்த் தொட்டி ஒன்றுக்கும் ஒதுக்குவார்களாக. விடுமுறைக்கு ஊர் வரும்போது, தம் பிள்ளைகளுடன் அந்த மாலை விளையாட்டிலும் கலந்துகொள்வார்களாக. மொழியால் தயங்கி நிற்கும் பிள்ளைகளும் கிளித்தட்டில் விரைவாக உறவாகிவிடுவார்கள்.

பொழுது சாய்ந்தது. பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்தது. குறிகட்டுவானிலிருந்து வரும் பஸ்ஸுக்காக நான் வீதியோரம் நின்றேன். அந்தத் தாயும் மகளும் பனைகளின் நீண்ட நிழலினூடே நடந்து வந்தார்கள். சிறுமி நாலடி முன்னே ஓடுவாள். திரும்பி நின்று தாயை அழைப்பாள். என்னைக் கடக்கையில் அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"நாளைக்கும் ஓடுவமா அம்மா?"

"நாளைக்கு எங்கையடி பிள்ளை ஓடுறது? பள்ளிக்கூடம் பூட்டியெல்லோ கிடக்கும்" என்றாள் தாய்.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். தாம்போதியின் இருபுறமும் கடல் இருண்டுகொண்டிருந்தது. அந்தப் பூட்டின் திறப்பு நம் ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அதைப் போய்க் கேட்பதற்கு நால்வர் வேண்டும்.