டைகர், சன்ரே, ஷேர்ஷா

இங்கே ஜபல்பூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ராணுவ சிக்னல்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வேலூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தவரிடம் என் பையன் கேட்டான்: "தாத்தா, வயர்லெஸ்ல உங்களைப் பேர் சொல்லியா கூப்பிடுவாங்க?"

"பேரே சொல்லக் கூடாதுடா. எதிரியும் கேட்டுட்டு இருப்பான்ல? கமாண்டிங் ஆபீசர்னா 'டைகர்'. அவர் மாத்தலாகிப் போனா, அடுத்து வர்றவரும் டைகர்தான்."

பையனுக்கு ஒரே சிரிப்பு. நானும் என் பங்குக்குப் படித்ததை எடுத்துவிட்டேன். பிரிட்டிஷ் ராணுவத்தில் கமாண்டருக்கு 'சன்ரே'. 1982 ஃபாக்லாண்ட் போரில், கூஸ் கிரீனில் லெப்டினன்ட் கர்னல் ஜோன்ஸ் குண்டடிபட்டதும் வயர்லெஸ்ஸில் போன சேதி, சன்ரே விழுந்துவிட்டார் என்பதுதான். பேர் கிடையாது. அடுத்த நிலையில் இருந்த மேஜர் கீபிள் பொறுப்பேற்றார்; சண்டை நிற்கவில்லை.

1999 கார்கிலில் கேப்டன் விக்ரம் பத்ராவுக்கு 'ஷேர்ஷா'. இது பதவிக்கானது இல்லை, அவருக்கே உரியது. ஒட்டுக்கேட்ட எதிரிக்கும் அந்தப் பேர் அத்துப்படி. ஜூலை 7-ல் வீரமரணம். பரம்வீர் சக்ராதான் சொந்தப் பேரில் வந்தது.

பெரியவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் எதுவா இருந்தா என்ன தம்பி? கூப்பிட்டா பதில் வரணும். அவ்வளவுதான்."

பையன் அப்புறம் சிரிக்கவில்லை.