சூலூரில் சிவந்த வானம்

பயணக் கட்டுரை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! நான் போய் வந்தது கோவையிலிருந்து திருச்சி சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சூலூருக்குத்தான். காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டோம். ஆனால் அந்த ஒரு நாள் பயணம் என்னை மலாயா, சயாம், பர்மா என்று எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது.

சென்ற ஆனி மாதம் என் மாமியாரின் பிறந்த வீட்டு உறவில் ஒரு காதுகுத்து. அத்தைக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. கண்ணும் காதும் இன்னும் கூர்மை. "இந்தத் தடவை நானும் வாரேன் கண்ணு. அப்பறம் எப்பப் பாக்கறது?" என்று கிளம்பிவிட்டார். மகன் கார் ஓட்ட, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் தாண்டிப் போனோம். வழியெல்லாம் ஒரே கடைகளும் மேம்பாலமுமாக இருந்தது. "இதெல்லாம் சோளக்காடு சாமி" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விருந்து முடிந்து திரும்பும்போது காங்கயம்பாளையம் விமானப்படைத் தளத்தின் பக்கமாக வந்தோம். 2018-லிருந்து தேஜஸ் விமானங்கள் இங்கே இருக்கின்றன. தலைக்கு மேலே ஒன்று இடி இடித்த மாதிரி பறந்து போயிற்று. பையன் உற்சாகமாக அண்ணாந்து பார்த்தான். அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இது எரிஞ்சதை நான் பாத்திருக்கறேன் கண்ணு. ராத்திரி வடக்கால வானம் செவசெவன்னு கெடந்துச்சு. சோளத்தட்டுப் போரு தீப்புடிச்சுருச்சாட்டம் இருக்குதுன்னு எங்கம்மா சொன்னா. விடிஞ்சு பாத்தா ஊருக்குள்ள ஒரு ஆம்பளை இல்லை. போலீசு வருதுன்னு எல்லாம் காட்டுக்குள்ள ஒளிஞ்சுட்டாங்க."

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அத்தை சொன்னது அத்தனையும் சரி. இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரர்கள் சூலூரில் விமானத்தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் மூண்டிருந்த நேரம். 1942 ஆகஸ்டு 13-ல் போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவே, போர்த் தளவாடம் ஏற்றி வந்த ரயிலைக் கவிழ்த்தார்கள். ஆகஸ்டு 26 இரவு சூலூர்த் தளத்துக்குத் தீ வைத்தார்கள். எங்கோ நடந்த சண்டை நம் சோளக்காடு வரைக்கும் வந்துவிட்டது! எட்டு வயதுச் சிறுமியாக அதைப் பார்த்தவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. அத்தையின் பெரிய அண்ணன் சண்டைக்கு முன்பே மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவராம். கப்பல் தபாலில் கடிதம் வருமாம். ஒரு தடவை ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கோத்துக் கொடுத்து அனுப்பினாராம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அத்தோடு கடிதமும் நின்று போயிற்று. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "அவனைச் சயாம் ரயிலுக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். இருக்கிறாரா, இல்லையா? சொல்ல ஆளில்லை.

அத்தையின் அம்மா கடைசி வரை மகனுக்குத் திதி கொடுக்க விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. தினமும் ராத்திரி ஒரு வட்டில் களியை மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பாராம். "திதி குடுக்கறதுக்குத் தேதி வேணுமல்லோ கண்ணு? எந்தத் தேதிக்குக் குடுக்கறது?" என்று அத்தை கேட்டபோது எனக்கு வாயடைத்துவிட்டது. அந்தத் தகர டப்பா இன்னமும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் அதில் சட்டைப் பித்தான்கள் போட்டு வைத்திருந்தேன்!

அந்தச் சயாம் ரயில் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஆர்.எஸ். புரத்தில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். கிடைக்காததைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினேன். பத்தாவது வரை படித்த நான் விமர்சகி அல்ல. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்த பிறகு படித்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை சுமார் 415 கிலோமீட்டர். காடும் மலையும் ஆறுமான அந்த வழியில், 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆசியர்களில் இறந்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம். காலரா, மலேரியா, ஆறாத புண், பட்டினி! காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்கு ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. நம்மவர்களைக் குழி தோண்டி ஒன்றாகப் போட்டு மூடினார்கள். பெயர் எழுத யார் இருந்தார்கள்?

அந்தப் பெயரில்லாத மனிதர்களுக்கு முகம் கொடுத்தது நாவல்கள்தான். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இந்தப் பாதையில் சிக்கிய தோட்டத் தமிழர்களின் கதை.

ப. சிங்காரம் என்று ஒருவர். சிங்கம்புணரியில் பிறந்து, பிழைப்புக்காக இந்தோனேசியா போய், போர்க்காலத்தை அங்கேயே கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். பிறகு மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தார். இரண்டே நாவல்கள்தான் எழுதினார். ஒன்று 'கடலுக்கு அப்பால்'. இன்னொன்று, 1972-ல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'. நேதாஜியின் படை, குண்டு வீச்சு, கள்ளக் கடத்தல் எல்லாம் அவற்றில் வருகின்றன. என் மனசில் நின்றது 'கடலுக்கு அப்பால்'. செல்லையா பட்டாளத்துக்குப் போய் உயிரோடு திரும்பி வருகிறான். அவனுக்கென்றே இருந்த மரகதத்தை அவள் அப்பா அவனுக்குத் தர மறுக்கிறார். சண்டைக்குப் போய் வந்தவன் கடைக்கணக்குப் பார்க்கும் பழைய பையனாக இனி இருக்க மாட்டான் என்பது அவருடைய பயம். சண்டை நின்ற பிறகும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அது எப்படிக் கலைத்துப் போடுகிறது, பாருங்கள்!

பர்மாவிலிருந்து வந்தவர்களின் கதையும் அப்படித்தான். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942-ல் மனைவி மங்களத்தோடு காடு மலை கடந்து இந்தியா வந்து சேர்ந்தார். அதை 'எனது பர்மா வழி நடைப்பயணம்' என்று எழுதி வைத்தார். நாம் பேரூருக்குப் பாதயாத்திரை போனாலே இரண்டு நாள் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறோம். அந்த அம்மாள் எப்படி நடந்திருப்பார், வழியில் எதைச் சமைத்திருப்பார் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

இந்தப் புத்தகங்களில் எனக்கு ஒரு குறையும் தெரிந்தது. போனவர்களின் கதை இருக்கிறது. திரும்பியவர்களின் கதை இருக்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்களின் கதை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தினமும் களியை மூடி வைத்த அந்தத் தாயை நான் எந்தப் புத்தகத்திலும் முழுதாகப் பார்க்கவில்லை. போர்க்காலத்தில் பர்மா அரிசி நின்று போனதும், துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்ததும் சரித்திரத்தில் இருக்கின்றன. அந்தத் தட்டுப்பாட்டில் யார் அரை வயிற்றோடு படுத்தார்கள் என்பது அடுப்படிக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் எங்கள் தெருவுக்கு ரவிக்கை தைத்துத் தரும் பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூலுவப்பட்டி முகாமிலிருந்து வருகிறவள். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து படகேறி வந்தவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எங்கட தம்பிக்கும் தேதி இல்லை அக்கா" என்றாள். அங்கேயே தங்கிவிட்ட தம்பி, 2009-க்குப் பிறகு தகவலே இல்லையாம். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை வகித்த தமிழினி எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்ற புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். தமிழினி 2015-ல் நோயில் இறந்து போனார். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. ஆயுதம் ஏந்திய ஒரு பெண்ணே உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் திரும்பிப் பார்த்து எழுதியிருக்கிறார். எண்பது வருஷத்துக்கு முந்திய கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் தையல்காரி வீட்டில் இன்னும் முடியவில்லை.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அத்தை கேட்டார் என்று 'சயாம் மரண ரயில்' நாவலை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக் காட்டினேன். இருபது பக்கம் போனதும் "போதும் கண்ணு" என்றார். அன்று இரவு அவர் தூங்கவே இல்லை. காலையில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு காலை வெயிலில், அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, அவர் "படி" என்றால் மட்டும் இரண்டு பக்கம். அவராகப் பேசினால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டேன். பெரியவர்களிடம் பழைய துக்கத்தைக் கேட்கும் சகோதரிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தோண்டித் துருவக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு கேட்கவே கூடாது. சின்னக் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் வேறு பேச்சுக்கு மாறிவிடுங்கள்.

புத்தகம் முடிய ஒரு மாதம் ஆயிற்று. முடிந்த அன்று அத்தை அழவில்லை. "அவன் தனியா சாகலை. கூட நம்மாளுக இருந்திருக்கறாங்க" என்றார். அதுவே அவருக்கு ஒரு ஆறுதல் போலிருந்தது. எண்பது வருஷமாக அரசாங்கமோ கப்பல் கம்பெனியோ சொல்லாத செய்தியை ஒரு கதைப் புத்தகம் சொல்லியிருக்கிறது.

ஆடி அமாவாசையன்று பேரூருக்குப் போனோம். நொய்யல் படித்துறையில் நல்ல கூட்டம். இறந்த நாள் தெரியாதவர்களுக்கும் இந்த நாளில் எள்ளும் தண்ணீரும் விடலாம் என்பது நம் வழக்கம். என் கணவர் தண்ணீர் விட்டார். அத்தை படியில் உட்கார்ந்தபடியே அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பும் வழியில், "எங்கம்மா இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பா" என்றார். சிறிது நேரம் கழித்து, "இல்லாட்டி அவளும் வந்திருப்பாளோ என்னமோ" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இப்போது பித்தான்களை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். அந்தத் தகர டப்பாவில், அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதிய நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எழுத்துப் பிழை ஏராளம், பரவாயில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இப்படி ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள், சகோதரிகளே!