லீவர் ரிம்ஃபயர் துப்பாக்கி: பழுதும் பராமரிப்பும்

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ஓரிடத்தில் அது சரியாகப் பரவாமல், அடியும் அங்கேயே விழுந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் காப்புரிமை பெற்ற .44 லீவர் துப்பாக்கியில் ஃபயரிங் பின் விளிம்பை இரண்டு இடங்களில் அடித்தது. ஆனால் அதன் மேகசின் குழாயின் அடியில் நீண்ட திறப்பு இருந்ததால் மண் எளிதில் புகுந்தது.

லீவரைக் கையால் இயக்குவதால், வீரியம் குறைந்த தோட்டாவும் லீவர் துப்பாக்கியில் சிக்கலின்றி ஓடும். லீவரைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை தள்ளி இழுக்க வேண்டும். அரைகுறை இழுப்பில் தோட்டா மாட்டிக்கொள்ளும்.

இன்றைய .22 துப்பாக்கிகளுக்கு முக்கிய எதிரி அழுக்கு. ஈயக் குண்டின் மெழுகும் கரியும் சேர்ந்து பிசுக்காகப் படிகின்றன. .22 ஷார்ட் தோட்டாக்களை நிறையச் சுட்டால் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கரி வளையம் கட்டும். பிறகு நீளமான லாங் ரைஃபிள் கூடு அதில் இறுகும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பிசுக்கு அடைந்தால் வெற்றுக்கூடு வெளியே வராது.

துடைக்கும் முன் மேகசினும் சேம்பரும் காலி என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது கட்டாயம். மார்லின் 39ஏ என்ற .22 லீவர் துப்பாக்கி ஒரே திருகைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும். குழலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். மற்றவற்றில் குழல் முனையைத் துடைக்கும் தடி உரசாமல் காக்க வேண்டும். முனை தேய்ந்தால் குறி தவறும். எண்ணெய் உராயும் இடங்களில் ஒரு துளி போதும்; மேகசின் குழாய் உலர்ந்தே இருக்கட்டும். தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காவிட்டால் வெறும் சேம்பரில் விசையை இழுக்கக் கூடாது. ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும்.