அளவுக்கம்பு பிடித்தவர்

எங்கள் வீட்டுச் சுவரிலே ஒரு புகைப்படம் தொங்குகிறது. எண்ணூர்ப் பக்கம் சாலை போடுவதற்கு நிலம் அளந்த நாளிலே எடுத்த படம். நடுவிலே நாற்காலி, நாற்காலியிலே பொறியாளர். ஓரத்திலே, தலைக்கு மேல் உயர்ந்த அளவுக்கம்பைப் பிடித்தபடி நிற்பவர் என் தந்தை. படத்தின் அடியிலே பொறியாளரின் பெயர் உண்டு, பட்டம் உண்டு, பதவி உண்டு. அடுத்து இரண்டே சொற்கள்: "மற்றும் பணியாளர்கள்." அந்தச் சொற்களைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். ஒருநாளும் அவை என்னை உறுத்தியதில்லை. உறுத்த வைத்தது, கடல் கடந்து லண்டன் மாநகரிலே இருக்கும் ஓர் ஓவியம்!

சென்ற மாதம் வகுப்பிலே உருவப்படக் கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 16ஆம் நூற்றாண்டிலே ஸ்காட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்சின் அவையிலே ஓவியராய் இருந்தவர் ஆர்னால்டு பிராங்கார்ஸ்ட். அவருக்குப் பின் அட்ரியன் வான்சன். இருவரும் நெதர்லாந்து நாட்டார். மன்னன் நிற்பான், கோமகன் அமர்வான். பட்டும் பதக்கமும் பளபளக்கும். பட்டை நெய்தவன் எவன், பதக்கத்தை வார்த்தவன் எவன் என்று ஓவியத்தைக் கேட்டால் அது வாய் திறக்குமா?

அந்த ஸ்காட்லாந்திலே பிறந்த ஒருவரின் படம் நம் ஊர்க் கதையோடு பிணைந்தது என்று சொல்லி, அதை மாணவர்க்குக் காட்டினேன். காலின் மெக்கன்சி. கோமகன் அல்லர், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரார். 1783இல் கும்பினிப் படையிலே பணியாற்றச் சென்னைக்கு வந்தார். மைசூர் நாட்டை அளந்தார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அளந்த இடமெல்லாம் ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டினார். அவரை 1816இல் தீட்டியவர் தாமஸ் ஹிக்கி, டப்ளினில் பிறந்து சென்னையில் மறைந்த ஓவியர்.

செஞ்சட்டை அணிந்து மெக்கன்சி நிற்கிறார். பின்னணியிலே கார்க்களத்துக் கோமட்டர் சிலை. சுற்றிலும் நம் நாட்டார் மூவர். ஒருவர் கையிலே ஓலைச்சுவடி, ஒருவர் கையிலே தொலைநோக்கி.

"சார், மத்த மூணு பேரு யாரு சார்?" என்றான் கடைசி வரிசைச் சிறுவன்.

நான் திகைத்தேன்! பட்டம் பெற்றவன், பாடம் சொல்பவன், எனக்குத் தெரியவில்லை. "உதவியாளர்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சொன்ன மறுகணமே எங்கள் வீட்டுச் சுவர் கண்முன் வந்தது.

அன்றிரவு தேடிப் படித்தேன். சுவடி ஏந்தியவர் சமணப் புலவர் தர்மையா என்றும், தொலைநோக்கி ஏந்தியவர் கிஸ்த்னாஜி என்னும் ஏவலர் என்றும், மற்றவர் காவலி வெங்கட லட்சுமையா என்றும் ஆய்வாளர் கருதுவர். லட்சுமையாவின் அண்ணன் போரையா பல மொழி கற்றவர், பழைய எழுத்துகளைப் படித்தறிந்தவர். 1803இல் இளவயதிலேயே மாண்டார். அவர் விட்ட பணியைத் தம்பி தாங்கினார். ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஏடு தேடி, படி எடுத்து, மொழிபெயர்த்துச் சேர்த்த செல்வத்திற்கு வாய்த்த பெயர் "மெக்கன்சி சுவடிகள்".

1821இல் மெக்கன்சி இறந்தார். அப்பணியைத் தொடர லட்சுமையா பின்னர் முன்வந்தார். கல்கத்தாவின் ஆசியக் கழகம் என்ன செய்தது? இந்நாட்டார் எவர்க்கும் அதற்குத் தகுதி போதாது என்று ஒதுக்கியது! ஏடுகளைத் திரட்டியவருக்கு ஏடுகளைப் படிக்கத் தகுதி இல்லையாம்! அவர் உயர்குலத்தவர்தாமே, நமக்கென்ன என்று முகம் சுளிக்கும் தோழரும் இருக்கலாம். பிறப்பைக் கொண்டு அறிவை அளக்காதே என்பதன்றோ நம் வழக்கு? கோணல் அளவுகோல் எவன் கையில் இருந்தாலும் கோணல்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். புழல் என்றால் ஏரி என்பர், சிறைச்சாலை என்பர். புழலிலே குறும்பர் கோட்டை கட்டி ஆண்டனர் என்ற கதை மெக்கன்சி சுவடிகளிலே கிடக்கிறது. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் புழற்கோட்டமும் ஒன்று. குறும்பர் சமணத்தைத் தழுவினர் என்றும், ஆதொண்டன் படையெடுத்து முதலில் தோற்று, பின்னர் இறையருளால் வென்றான் என்றும் கதை போகிறது. கோட்டையிலிருந்து பெயர்த்த எருக்கந் தூண்கள் இவையே எனத் திருமுல்லைவாயில் கோயிலிலே இன்றும் காட்டுகிறார்கள். கனவும் அருளும் வரலாறு ஆகா. ஆயினும் புழலிலே ஆதிநாதர் சமணக் கோயில் இருக்கிறது. கதை முழுதும் காற்றிலே கட்டியதன்று.

ஆனால் ஒன்று. வென்றவனின் பெயர் எல்லார்க்கும் தெரியும். வெல்லப்பட்டவர் வெறும் "குறும்பர்". ஹிக்கியின் படத்திலே ஏவலனுக்காவது ஒரு முகம் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. நானோ இத்தனை ஆண்டும் அந்தக் கோயில் பக்கம் போனவனல்லன். மிதிவண்டியில் கால்மணி வழி!

மறுநாள் மூன்று பெயர்களையும் கரும்பலகையிலே எழுதினேன். கடைசி வரிசைச் சிறுவன், "கிஸ்த்னாஜி இன்னா வேல சார் செஞ்சாரு, சும்மா தூக்கினு நின்னாரா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான். விடாக்கண்டன்!

அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். படத்தைக் காட்டி, "நைனா, இதுல உன் பேரு இல்லியே, அப்போ உனக்கு வருத்தமா இல்லியா?" என்றேன்.

தந்தை படத்தை உற்றுப் பார்த்தார். பொறியாளரைப் பார்க்கவில்லை, கம்பைப் பார்த்தார். "காத்து அடிச்சுக்கினே இருந்திச்சிடா அன்னிக்கி. கம்பு துளி சாஞ்சா அவுரு கணக்கே தப்பாப் பூடும். காலைல புடிச்சவன், உச்சி வெயில் வரிக்கும் சாயவே வுடல" என்றார்.