கயிற்றின் மறுமுனை

பனியைப் பார்த்திருக்கிறீர்களா என்று தூத்துக்குடிக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எங்கள் கோயில் பேரிலேயே இருக்கிறதே!" என்பார்கள்.

பனிமய மாதா கோயிலைத்தான் சொல்கிறேன். இப்போதுள்ள கட்டடம் 1713-ல் எழும்பியது. வருஷா வருஷம் ஜூலை 26-ந் தேதி கொடி ஏறும். ஆகஸ்ட் 5-ந் தேதி திருவிழா. எந்த மதத்தவர் என்று பார்க்காமல் ஊரே திரண்டு நிற்கும். அன்று அடிக்கிற வெயில் இருக்கிறதே, உப்பளத்துப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. முன்னொரு காலத்தில் ரோமாபுரியில், இதே ஆகஸ்ட் மாதத்தில், ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாம். அதனால் மாதாவுக்கு அந்தப் பெயர் வந்ததாம். முந்தானையால் விசிறிக்கொண்டே இந்தக் கதையைக் கேட்போம். எங்களுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான்.

அசல் பனியை நான் பார்த்தது 2013-ஆம் வருஷம் ஜனவரி மாதம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில். எதிர் வீட்டுக் கூரை, குப்பைத் தொட்டி, நிறுத்தி வைத்திருந்த சைக்கிள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. கூடத் தங்கியிருந்த பெண்கள் துள்ளிக் குதித்து வெளியே ஓடினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். போர்வைக்குள் புகுந்துகொண்டு, "மாதாவே, என்னை ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிடு" என்று விசித்து விசித்து அழுதேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எம்.ஏ. படிக்கப் போனவள்!

* * *

எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் போவது ஒன்றும் அதிசயமல்ல. வீட்டுக்கு ஒரு பிள்ளை கப்பலில் வேலை பார்க்கும். ஆனால் ஒரு பெண், அதுவும் படிப்பதற்காக, தனியாகக் கடல் கடந்து போவது அதுதான் முதல் தடவை. அப்பா வங்கியில் கடன் வாங்கினார். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. "நம்ம தெருப் பிள்ளை சீமைக்குப் படிக்கப் போகுது" என்று ஆளாளுக்கு ஐம்பதும் நூறும் கையில் திணித்தார்கள். அப்படிப் புறப்பட்டவள், போய்ச் சேர்ந்த பிறகு "முடியவில்லை" என்று எந்த வாயால் சொல்வது?

அம்மா பெட்டி கட்டிய அழகைச் சொல்ல வேண்டும். புளி, மிளகாய்த் தூள், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டப்பா மக்ரூன். முட்டை வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பருப்பைச் சேர்த்துச் சுடுகிற எங்கள் ஊர்ப் பலகாரம் அது. சீலாக் கருவாட்டையும் எப்படியோ உள்ளே திணித்துவிட்டாள். "விமானத்தையே நாற அடிக்கப் பார்க்கிறாயா?" என்று அப்பா அதை வெளியே எடுத்தார். விமானம் ஏறுகிற வரைக்கும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கலாசார அதிர்ச்சி என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அது பெரிய விஷயங்களில் வருவதில்லை. அரண்மனையையும் பாதாள ரயிலையும் எதிர்பார்த்துத்தானே போகிறோம்? சின்ன விஷயங்கள்தான் காலை வாரிவிடுகின்றன. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று எதிரே வருகிறவர் கேட்பார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பத்தடி தாண்டிப் போயிருப்பார். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. "சார்" என்றேன், அவர் சிரித்தார். மறுபடியும் "சார்" என்றேன். கடைசியில், அவரைக் கூப்பிட வேண்டிய சந்தர்ப்பத்தையே தவிர்த்துவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆசையாய் ரசம் வைத்துக் கடுகு தாளித்தேன். வற்றல் மிளகாய்க் கமறல் கிளம்பியதோ இல்லையோ, கூரையிலிருந்த அபாயமணி ஊளையிட ஆரம்பித்துவிட்டது! கட்டடத்திலிருந்த நாற்பது பேரும், சிலர் இரவு உடையோடு, தெருவில் வந்து நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. மரியாதையாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் தாளிக்கவே இல்லை. ரொட்டியும் ஜாமும்தான்.

டிசம்பர் வந்ததும் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. தெருவில் மீன்காரி குரல் இல்லை, கோயில் மணி இல்லை, "ஏட்டி, எங்கே போறே?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ஊரில் இருந்தபோது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அலுத்துக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போனவள் நான். அதே கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினேன். வகுப்புக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. எழுதிக் கொடுக்க வேண்டிய இரண்டு கட்டுரைகள் அப்படியே கிடந்தன. மக்ரூன் டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்ததில், ஈரக் காற்றுப் பட்டு எல்லாம் பிசுபிசுத்துப் போயின. அதற்கும் ஒரு நாள் முழுக்க அழுதேன்.

ஞாயிறுதோறும் டெலிபோனில் அம்மா கேட்பாள்:

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்."

"படிப்பு?"

"நல்லாப் போகுது."

மூன்று கேள்வி, மூன்று பொய். பேசி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

* * *

பனி பெய்த அந்த வாரம், போர்வைக்குள் எனக்குத் துணையாக இருந்தது ஒரு புத்தகம். கணித மேதை ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் என்ற அமெரிக்கர் எழுதி, 1991-ல் வெளிவந்தது. கணக்கில் எனக்கு ஈடுபாடு கிடையாது. நூலகத்து அலமாரியில் ஒரு தமிழர் பெயரைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராமானுஜன் 1914 மார்ச் 17-ந் தேதி சென்னையில் 'நெவாஸா' கப்பல் ஏறினார். குடுமியை எடுத்துவிட்டு, கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். குளிர் தாங்காமல் இரவில் ஓவர்கோட்டோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார் என்று தெரிந்து, நண்பர் மகாலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தாராம். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்ததால், அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை! கம்பளிக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். உலகம் வியந்த மூளைக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்? பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

இன்னொரு சம்பவம். தம் கையால் சமைத்து, நண்பர்களைச் சாப்பிட அழைத்திருந்தார். ரசம் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை, விருந்துக்கு வந்திருந்த பெண்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம். மனம் நொந்து ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டவர், சில நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். ஊரில் இருந்திருந்தால் இதற்கா ஊரை விட்டுப் போவார்? வீட்டை நினைத்து ஏங்குகிற மனசுக்குத் தோல் மெலிந்துவிடுகிறது. எது பட்டாலும் ரத்தம் வருகிறது.

அதற்கு மேல் சிரிக்க ஒன்றும் இல்லை. போன வருஷத்திலேயே உலக யுத்தம் மூண்டது. சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டமாயிற்று. 1917-ல் நோயில் விழுந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்தார். 1918-ல் உயிரை விடவே துணிந்து, லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் விழுந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தார். ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் என்ற பெரிய கௌரவம் கிடைத்ததும் அதே வருஷத்தில்தான். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் கண்ணை மூடினார். வயது முப்பத்திரண்டு.

அவருடைய மனைவி ஜானகியம்மாள் பிற்காலத்தில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அவர் புறப்படும்போது ஜானகிக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. கணவருக்கு எழுதிய கடிதங்களையும், அவரிடமிருந்து வந்தவற்றையும் மாமியார் மறித்து வைத்துக்கொண்டாராம். 'ஏன் எழுதவில்லை?' என்று அங்கே அவர் மறுக, இங்கே இவர் மறுக, நடுவில் ஒரு சமுத்திரம்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். அவருக்கு வந்த கடிதங்களையாவது வேறொருவர் மறித்தார். என் கடிதங்களை மறித்தது யார்? நானேதான்.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் அம்மாவுக்குப் பதிலாகத் தாத்தா வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவுக்குக் காது மந்தம். டெலிபோனைத் தொடவே மாட்டார்.

அவர் முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அப்போது அவர் இளவட்டம். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முங்கி, மூச்சை அடக்கி, அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை இழுத்தால், மேலே தோணியில் இருப்பவர் தூக்கிவிடுவார். கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனை வைத்துக்கொள்வது வழக்கம் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கும்போது அவன் அசட்டையாக இருப்பானா?

"ஏட்டி, தொளாயிரம் பார்ல நான் முங்கும்போது எனக்கு யாரு கயிறு பிடிச்சா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஆச்சியோட அண்ணன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்களே தாத்தா" என்று கத்தினேன்.

"அவன் தங்கமான மனுஷன். ஆனா கீழே நான் என்ன பாடு படுறேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு இழுப்பு இழுத்தாத்தானே தெரியும்? ஒரு நாள், இன்னும் நாலு சிப்பி அள்ளுவோம்னு இருந்துட்டேன். மேலே வந்தப்போ மூக்குல ரெத்தம். மச்சான் என் கன்னத்துல ஒண்ணு விட்டான். 'முத்து நாளைக்கும் அங்கேதாம்ல கிடக்கும்'னான்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"உங்கம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கயித்தைப் பிடிச்சிட்டு உட்காந்திருக்கா. நீ இழுக்கவே மாட்டேங்கியேட்டி."

உடைந்துவிட்டேன். வகுப்புக்குப் போகாதது, எழுதாத கட்டுரைகள், ரொட்டி, தூக்கம், அழுகை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. பக்கத்திலிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அப்பா டெலிபோனைப் பிடுங்கி, "போதும், கிளம்பி வந்துடும்மா. கடனை நான் பார்த்துக்கிறேன்" என்றார், குரல் நடுங்க.

பின்னாலிருந்து தாத்தா அதட்டுவது கேட்டது: "அவ மூச்சு வாங்கத்தானடா மேலே வந்திருக்கா. கொஞ்ச நேரம் தோணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். மறுபடி முங்குறதா, கரைக்கு வாறதான்னு அவ சொல்லட்டும்!"

* * *

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். "சார்" என்றுதான் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தேநீர் வரவழைத்தார். மாணவர்களின் மனக் கஷ்டத்தைக் கேட்டு வழி சொல்வதற்கென்றே அங்கே ஓர் அம்மாள் இருந்தார். அவரிடம் அனுப்பி வைத்தார். கட்டுரைகளுக்கு மூன்று வாரம் தவணையும் கிடைத்தது. கேட்டிருந்தால் நவம்பரிலேயே கிடைத்திருக்கும்!

வீட்டோடு பேசுகிற தினுசும் மாறியது. "இன்றைக்கு அழுதேன்" என்றால் அம்மா பதறுவதில்லை. "எத்தனை மணிக்கு?" என்பாள். "நாலு மணிக்கு" என்றால், "அப்போ நான் இங்கே உலை வச்சுக்கிட்டு இருந்தேன்" என்பாள். மணிக்கணக்கில் கைக்கணக்கு தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அது போதுமாயிருந்தது.

ஜன்னலை விரியத் திறந்து வைத்து, மிளகாயைக் குறைத்து, மறுபடியும் ரசம் வைத்தேன். கூடத் தங்கியிருந்த பெண்கள் ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தார்கள். மூன்றாவது கோப்பை வேண்டாம் என்றார்கள். நான் ஆக்ஸ்போர்டுக்குப் போகவில்லை.

படிப்பை முடித்துக்கொண்டு அந்த வருஷமே ஊர் திரும்பினேன். தாத்தா இப்போது இல்லை.

என் அக்காள் மகள் சென்ற வருஷம் மருத்துவம் படிக்க ஜார்ஜியா தேசத்துக்குப் போயிருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது அப்படிப் போகிறார்கள். அக்காள் பெட்டி கட்டினாள். புளியும் பொடியும் மக்ரூனும் வைத்தாள். டப்பாவை இறுக்கி மூடுகிற பொறுப்பு என்னுடையது.

போன வாரம் ராத்திரி வெகு நேரம் கழித்து அவளிடமிருந்து டெலிபோன் வந்தது.

"சித்தி, இங்கே பனி பெய்யுது. ரொம்ப அழகா இருக்கு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் சித்தி."

நான் டெலிபோனை வைக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. சும்மா காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"சித்தி... இருக்கீங்களா?" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"இருக்கேன்மா, சொல்லு" என்றேன்.